பெயர் சொல்லி அழைக்கும் புத்தகம்

என் பேத்திக்கு நான்கு வயது நிறைந்த நாளன்று, வெளிநாட்டிலிருக்கும் அவளுடைய சித்தி அவளுக்கென்றே பிரத்தியேகமாக அச்சிடுவித்து அனுப்பிய கதைப்புத்தகம் ஒன்று கூரியரில் வந்து சேர்ந்தது. அட்டையில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே, அவளைப் போலவே இரட்டைப் பின்னலும் நெற்றிச் சுருளுமாக ஒரு சிறுமி, காணாமற்போன அணிற்பிள்ளையைத் தேடிக்கொண்டு காட்டுக்குள் போகிறாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை; அதற்குரிய காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அது அவளுடைய கொள்ளுப்பாட்டியின் பெயர், மகர மெய்யில் முடிவது என்பது மட்டும் தெரிந்தால் போதும். மரகதம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவளுடைய அண்ணன், எழுத்துக் கூட்டி வாசிக்க அப்போதுதான் நன்றாகப் பழகியிருந்தவனாகையால், தானே படித்துக் காட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டான். முதற்பக்கத்தில் தன் பெயர் காதில் விழுந்தவுடனே குழந்தை அவன் மடியருகே நகர்ந்து உட்கார்ந்து, பெயர் வரும் இடங்களிலெல்லாம் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தலானாள். மூன்றாம் பக்கத்தில் "மரகதம்க்கு பசித்தது" என்று அச்சாகியிருந்தது. அவனும் அச்சில் உள்ளபடியே வாசித்தான். விரல் நின்றது. "மரகதம்க்கு இல்ல, மரகதத்துக்கு" என்றாள். "அப்படித்தான் போட்டிருக்கு" என்று சொல்லி அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அங்கே அணில் "மரகதம்ஐ" பார்த்துச் சிரித்தது. குழந்தை சற்று நேரம் அந்தச் சித்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நான் இல்ல" என்று எழுந்து போய்விட்டாள்.

அவளுக்கு வேற்றுமை உருபும் சாரியையும் யாரும் கற்பித்ததில்லை. ஆயினும், அம்மா சோறு பிசையும்போதும் பாட்டி தலை வாரும்போதும் தன் பெயர் 'மரகதத்துக்கு' என்றும் 'மரகதத்தை' என்றும் திரிவதை ஆயிரந்தடவை கேட்டுக் கேட்டு, அந்தத் திரிபுகள் அத்தனையும் தன் கை கால்களைப் போல அவளுக்குச் சொந்தமாகிவிட்டன. ஒரு குழந்தையின் பெயரை அச்சிடுவது வேறு, அந்தக் குழந்தையை அழைப்பது வேறு என்பதை அன்று அவள் எனக்கு உணர்த்தினாள். இவ்வகைப் புத்தகங்களைப் பற்றி நான் சிரத்தையோடு படிக்கவும் விசாரிக்கவும் தொடங்கியது அதன் பிறகுதான். பிறந்தநாளுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று திகைக்கும் பெற்றோரும் உறவினரும் இப்போது இவற்றை விரும்பி வாங்குகிறார்களாகையால், நான் அறிந்துகொண்டதைப் பகிர்ந்துகொள்வது உசிதம் என்று தோன்றுகிறது.

இந்த யோசனை இன்று நேற்று உதித்ததன்று. 1970-களின் தொடக்கத்திலேயே, அமெரிக்காவில் 'மீ-புக்ஸ்' என்ற பெயரில், பெற்றோர் ஒரு படிவத்தில் குழந்தையின் பெயர், அதன் தோழர்கள் பெயர், வீட்டில் வளரும் நாயின் பெயர் முதலியவற்றை எழுதி அனுப்பினால், அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரின் துணையால் ஒரே கதையில் ஆங்காங்கே பொருத்தி அச்சிட்டு அனுப்பும் வியாபாரம் நடந்தது. சித்திரங்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றே. வாசகத்தில் விட்டுவைத்த இடைவெளிகளில் மட்டும் பெயர்கள் மாறும். கலியாணப் பத்திரிகையில் விலாசத்துக்கு இடம் விட்டு அச்சடிப்பது போன்ற யுக்திதான் அது. அதன் பின் பல வருஷங்கள் பலபேர் இதே வழியில் போனார்களேயன்றி, கதையை மேம்படுத்தியவர்கள் அதிகமில்லை.

கதையையே பெயரிலிருந்து பிறப்பிக்க முடியும் என்று காட்டியவர்கள் லண்டன் நகரத்து நண்பர்கள் நால்வர். அவர்களுள் ஒருவரான அஸி ஷராபி என்பவர், தம் மகளுக்குப் பரிசாக வந்த பெயர் பதித்த புத்தகம் ஒன்றைப் பார்த்து, யோசனை நன்றாயிருந்தும் அதை நிறைவேற்றிய விதம் இவ்வளவு அசிரத்தையாக இருக்கிறதே என்று ஏமாற்றமடைந்து, 2012-ஆம் ஆண்டில் நண்பர்களுடன் சேர்ந்து இம்முயற்சியில் இறங்கினார். அவர்கள் எழுதிய கதையில், ஒரு குழந்தை தன் பெயரைத் தொலைத்துவிடுகிறது, தேடிப் புறப்படுகிறது, வழியில் எதிர்ப்படும் பிராணிகளும் விசித்திர ஜீவன்களும் ஆளுக்கோர் எழுத்தாகக் கொடுக்க, கடைசியில் அவ்வெழுத்துக்களைச் சேர்த்துப் பார்த்தால் அதுவே குழந்தையின் பெயர். பெயர் மாறினால் எதிர்ப்படும் பாத்திரங்களும் மாறும். ஆகவே இரண்டு குழந்தைகளுக்குக் கிடைக்கும் கதை உண்மையிலேயே இரண்டு கதைகளாகிவிடுகிறது. 2014-இல் பி.பி.சி.யின் 'டிராகன்ஸ் டென்' நிகழ்ச்சியில் அவர்களுக்கு ஒரு லட்சம் பவுன் முதலீடு கிடைத்தது. புத்தகம் பல பாஷைகளில் லட்சக்கணக்கில் விற்றது. 'லாஸ்ட் மை நேம்' என்றிருந்த அந்த நிறுவனம் 2017-இல் 'வொண்டர்பிளை' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பெயர் என்ற இந்தச் சிறு ஒலிக்குக் குழந்தையின் மனத்தில் இத்தனை வசீகரம் ஏன் என்ற கேள்விக்கு, மனோதத்துவ அறிஞர்கள் பொறுமையாகச் செய்த பரிசோதனைகள் விடை தருகின்றன. 1995-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்துச் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், நாலரை மாதக் கைக்குழந்தைகளுக்கு அவரவர் பெயரையும், அதே ஒலியழுத்தமுள்ள பிற பெயர்களையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து கவனித்தபோது, குழந்தைகள் தங்கள் பெயர் வந்த பக்கமே அதிக நேரம் செவி சாய்த்தன. அம்மா என்று சொல்லவும் தெரியாத பருவத்தில், பேச்சு வெள்ளத்திலிருந்து குழந்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்துக்கொள்ளும் ஒலிகளில் ஒன்று அதன் பெயர். வளர்ந்த பிறகும் இது நம்மை விடுவதில்லை. ஒரு காதில் ஒலிக்கும் செய்தியைக் கவனமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பவரின் மறுகாதில் வேறு பேச்சு ஒலித்தால், அது இன்னதென்றே அவருக்குத் தெரிவதில்லை; ஆனால் அதில் அவருடைய பெயர் வந்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கினராவது அதைக் கவனித்துவிடுகிறார்கள் என்று நெவில் மோரே என்ற ஆங்கிலேயர் 1959-இலேயே கண்டறிந்தார். எழுத்துப் பழகும் பிள்ளைகள் தம் பெயரின் முதலெழுத்தையே எல்லா எழுத்துக்கும் முந்தி அடையாளம் கண்டுகொள்வதை ரெபேக்கா டிரைமன் என்ற அம்மையாரின் ஆராய்ச்சி காட்டியது. ஆயினும் அந்த எழுத்தின் பெயர் தெரிந்த அளவுக்கு, அதன் ஒலி அவர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்துவிடுவதில்லை என்பதையும் அதே ஆராய்ச்சி மறைக்காமல் சொல்கிறது. பெயர் ஒரு வாசற்படி. உள்ளே அழைத்துப்போக ஒரு கை வேண்டியிருக்கிறது.

கதைப்புத்தகங்களையே நேராகச் சோதித்துப் பார்த்தவர் நடாலியா குசிர்கோவா என்ற ஆராய்ச்சியாளர். அவரும் துணைவர்களும் 2014-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், சராசரி மூன்று வயது பத்து மாதமுள்ள 18 குழந்தைகளுக்கு, ஒரே புத்தகத்தில் சில பகுதிகளை அந்தந்தக் குழந்தையைப் பற்றியதாகவும் மற்றப் பகுதிகளைப் பொதுவாகவும் அமைத்து, இரண்டிலும் சமமான கடினமுள்ள புதுச் சொற்களைப் பெய்து படித்துக் காட்டிய விவரத்தை எழுதியிருக்கிறார்கள். பிறகு, படத்தைக் காட்டச் சொல்லியும், பொருள் கேட்டும், உதாரணம் சொல்லச் சொல்லியும் மூன்று விதமாகச் சோதித்ததில், தங்களைப் பற்றிய பகுதிகளில் வந்த சொற்களையே குழந்தைகள் நன்றாகக் கற்றிருந்தார்கள். பதினெட்டுப் பேர் என்பது சிறிய தொகைதான். இதைக் கொண்டு, புத்தகம் வாங்கினாலே பிள்ளை மேதையாகிவிடும் என்று யாரேனும் விளம்பரம் செய்தால் அதை நம்ப வேண்டியதில்லை. அதே ஆராய்ச்சியாளர்கள், இப்படிப்பட்ட புத்தகங்களைக் கேட்கும்போது குழந்தைகள் தங்களைப் பற்றியே அதிகமாகப் பேசுகிறார்கள் என்பதையும் குறித்திருக்கிறார்கள். இது நன்மையும்தான், யோசிக்க வேண்டிய விஷயமும்தான். பேசாத குழந்தை வாய் திறப்பது நன்மை. ஆனால் எந்தக் கதையைத் திறந்தாலும் அதில் தானே ராஜகுமாரி, தானே வீரன் என்று வளரும் பிள்ளைக்கு, வேறொருவன் பசியையும் வேறொருத்தி பயத்தையும் தன்னுடையதுபோல் உணரும் பழக்கம் எங்கிருந்து வரும்? குழந்தை இலக்கியம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று ருடீன் ஸிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990-இல் எழுதினார். தம் நிறத்தவர் முகமே புத்தகங்களில் தென்படாத கறுப்பினக் குழந்தைகளுக்காகக் கண்ணாடி கேட்டவர் அவர். கண்ணாடி மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைகளுக்கும் அது கேடு என்று எச்சரித்தவரும் அவரே.

நம்மவர்களுக்கு இந்த விஷயம் முற்றிலும் புதியது என்று சொல்வதற்கில்லை. குழந்தையின் பெயரையும், அது பிறந்த வீட்டையும், சீர் கொண்டுவந்த மாமன்மாரையும், அடித்தவர் யார் என்ற விசாரணையில் சிக்கும் அத்தைமாரையும் வரிசையாகச் சேர்த்துத் தாலாட்டுப் பாடுகிறவள், தொட்டிலில் கிடக்கும் அந்த ஒரு குழந்தைக்கு மட்டுமே உரிய பாட்டைத்தான் கட்டுகிறாள். தெய்வத்தையும் அரசனையும் குழந்தையாக்கி, காப்பிலிருந்து தொடங்கிப் பத்துப் பருவமும் பாடி, அம்புலியைக் கூப்பிட்டு 'இவனோடு விளையாட வா' என்று சொல்லும் பிள்ளைத்தமிழும் இந்த வாத்ஸல்யத்திலிருந்து கிளைத்ததுதான். என் பாட்டி கதை சொல்லும்போது, ராஜகுமாரன் குதிரையேறிப் போகும் வழியில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணறு எப்படியோ வந்துவிடும். அன்று மாலை நான் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருந்தால், ராஜகுமாரனுக்கும் அதே முழங்காலில் காயம் பட்டிருக்கும். அவள் பெரும்பாலும் என் பெயரைச் சொன்னதே இல்லை. அது நானேதான் என்று எனக்குத் தெரியும்; தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

அச்சுக்கு வரும்போது தமிழுக்கென்று சில பிரத்தியேகச் சிக்கல்கள் உண்டு. ஆங்கிலத்தில் பெயர் எங்கே வந்தாலும் ஏறக்குறைய உருவம் மாறாமல் நிற்கும். ஓர் இடைவெளி விட்டு அதில் பெயரைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. தமிழிலோ மீனா என்றால் மீனாவை, தேவி என்றால் தேவியை, கவின் என்றால் கவினை, செல்வம் என்றால் செல்வத்தை என்று, ஈற்றெழுத்துக்கேற்ப உடம்படுமெய்யும் சாரியையும் உள்ளே புகுந்துவிடுகின்றன. தொடர்ந்து வல்லினம் வந்தால் அதுவும் மிகும். வினைமுற்றும் போனான், போனாள் என்று பாலுக்கேற்ப மாற வேண்டும். இவற்றையெல்லாம் கவனியாமல், ஆங்கிலப் புத்தகத்துக்குச் செய்த அச்சிலேயே தமிழையும் வார்த்துவிட்டதன் விளைவுதான் என் பேத்தி கண்ட 'மரகதம்க்கு'. இது திருத்த முடியாத குறையன்று. படிவத்தில் பெயரை மட்டும் கேளாமல், 'உங்கள் வீட்டில் இந்தப் பெயரை ஐ, கு, ஓடு சேர்த்து எப்படிச் சொல்வீர்கள்' என்று பெற்றோரையே எழுதச் சொன்னால் பாதித் தொல்லை தீரும். கதை முழுவதையும் முன்னிலையில் அமைத்து, 'நீ நடந்தாய், நீ பார்த்தாய்' என்று சொல்லிப் பெயரை விளிக்கு மட்டும் வைத்துக்கொண்டால் மற்றப் பாதியும் தீரும். பால் வேற்றுமையும் அதில் தலையிடாது.

லண்டன்காரர்களின் எழுத்து விளையாட்டை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு வேறொரு தடை காத்திருக்கிறது. கவின் என்ற பெயரில் 'க'வுக்குக் கரடி வரும். 'ன்' என்ற எழுத்துக்கு எந்த மிருகம் வரும்? மெய்யெழுத்து எதுவும் தமிழில் சொல்லுக்கு முதலில் நிற்பதில்லை. உயிர்மெய்யிலும் ண, ழ, ள, ற, ன முதலியவை அப்படியே. முதலெழுத்தைத் தேடுவதை விட்டுவிட்டால் வழி பிறக்கிறது: மானிடம் 'ன்' இருக்கிறது, மயிலிடம் 'ல்' இருக்கிறது, தேளிடம் 'ள்' இருக்கிறது. இந்த எண்ணம் எனக்கு ஒரு நாள் அதிகாலையில் தோன்றியபோது உண்டான குதூகலம் இன்னும் அடங்கவில்லை.

பெயரை எழுதமாட்டேன் என்று சொன்னதற்குக் காரணம் சொல்ல வேண்டும். பிரத்தியேகப் புத்தகம் தயாரிக்கக் கேட்கப்படும் விவரங்களைச் சற்று வரிசைப்படுத்திப் பாருங்கள்: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, புகைப்படம், தோழர் தோழியர் பெயர், சில வேளைகளில் வீட்டு விலாசம். மேற்சொன்ன லண்டன் நிறுவனத்தாரின் அடுத்த புத்தகம் ஒன்று, விண்வெளியிலிருந்து வீடு திரும்பும் குழந்தைக்கு அதன் சொந்தப் பேட்டையின் படத்தையே, ஆகாயத்திலிருந்து எடுத்தபடி காட்டியது. குழந்தைக்கு அது பரமானந்தம். ஆனால் இப்படிச் சேரும் விவரங்கள் எங்கே தங்குகின்றன, எவ்வளவு காலம் தங்குகின்றன, யார் கண்ணில் படுகின்றன என்று கேட்பது பெற்றோரின் கடமை. 2015-இல் விடெக் என்ற ஹாங்காங் விளையாட்டுப்பொருள் நிறுவனத்தின் கணினிக்குள் ஒருவன் புகுந்தபோது, 60 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் விவரங்கள் அம்பலமாயின. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளுவதற்கு, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. ஆனாலும் சம்மதம் என்ற கட்டத்தில் படிக்காமலே குறியிடும் விரல் நம்முடையதாக இருக்கும்போது சட்டம் என்ன செய்யும்? படத்தைக் கொடுத்தால் நிமிஷத்தில் கதை கட்டித் தரும் செயற்கை அறிவு இயந்திரங்களும் வந்துவிட்ட இக்காலத்தில், குழந்தையின் முகத்தை அவற்றுக்குக் கொடுப்பதற்கு முன் ஒருகணம் நிதானிப்பது நல்லது. செல்லப்பெயரும், வீட்டுப் பூனையும், பிடித்த பலகாரமும் இருந்தாலே கதை அவளுடையதாகிவிடும்.

உண்மையில், குழந்தையிடமிருந்தே புத்தகம் செய்யும் வித்தையை வியாபாரிகளுக்கு முன்னரே நல்ல ஆசிரியைகள் அறிந்திருந்தார்கள். நியூஜிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன ஸில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற அம்மையார், சீமைப் பிள்ளைகளுக்காக எழுதிய வாசகப் புத்தகங்கள் தம் மாணவர்களின் நெஞ்சைத் தொடாததைக் கண்டு, ஒவ்வொரு குழந்தையையும் அருகில் அழைத்து, 'உனக்கு என்ன வார்த்தை வேண்டும்?' என்று கேட்பாராம். குழந்தை சொல்லும் வார்த்தையைத் தடித்த அட்டையில் பெரிதாக எழுதி அதன் கையிலேயே கொடுத்துவிடுவார். அம்மா, முத்தம், பேய் என்று அன்பும் பயமும் ஊறிய சொற்களே பெரும்பாலும் வந்தன. மறுநாள் எல்லா அட்டைகளையும் தரையில் கொட்டிக் கலைத்துவிட்டால், பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு தத்தம் சொற்களைத் தேடி எடுப்பார்கள். மறந்துபோன சொல்லை, அது மனத்தில் வேர்விடவில்லையென்று கருதி, எறிந்துவிடுவார். 1963-இல் வெளிவந்த 'டீச்சர்' என்ற நூலில் இந்த அனுபவத்தை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். சிகாகோவில் விவியன் கஸ்ஸின் பேலி என்ற ஆசிரியை, பிள்ளைகள் சொல்லும் கதையைச் சொன்னது சொன்னபடியே எழுதிக்கொண்டு, அன்றைக்கே வகுப்பில் அதை நாடகமாக நடிக்கவும் வைத்தார். கதை சொன்ன குழந்தை அங்கே நாயகன் மட்டுமல்ல, நூலாசிரியனும்கூட. அதிலும் அவன் கதையில் நடிக்க மற்றப் பிள்ளைகள் வேண்டும் என்பது எத்தனை அழகான ஏற்பாடு!

வீட்டிலும் இதைச் செய்யலாம். பெரிய சாமர்த்தியம் எதுவும் தேவையில்லை. வெள்ளைத்தாள் நான்கை நடுவில் மடித்து, மடிப்பில் மூன்று துளையிட்டுக் கோணியூசியால் நூல் கோத்தால் பதினாறு பக்கம் கிடைக்கும். படம் வரைய வராதவர்கள், பழைய காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டலாம். அல்லது பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில், யாரும் எடுத்துக் கையாளும்படி உரிமை தளர்த்தி வைத்திருக்கும் சித்திரங்களையும் தமிழ்க் கதைகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். பக்கத்துக்கு ஒரு வாக்கியம் போதும். எழுத்தை நல்ல பெரிதாக, கறுப்பு மையில், பிள்ளை விரல் வைக்க இடம் விட்டு எழுத வேண்டும். எழுதும்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் கண்டிப்பான அபிப்பிராயம். அவளுக்குத் தெரியாமல் செய்து திடீரென்று கையில் கொடுக்கும் புத்தகம் எத்தனை அழகாயிருந்தாலும், பாதிக் கதையை அவள் இழந்துவிடுகிறாள்.

நானும் அப்படி ஒன்று செய்தேன். பெயரைத் தொலைத்த பெண் எழுத்துக்களைக் கேட்டுக்கொண்டு போகிறாள். மரகதம் என்று வைத்துக்கொண்ட கணக்குப்படியே சொல்கிறேன், அந்தக் கடைசி எழுத்து மட்டும் நிஜம். மயில் 'ம' கொடுத்தது. குரங்கு 'ர' கொடுத்தது. கழுதை 'க' கொடுத்தது. தவளை 'த' கொடுத்தது. ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்ட பிராணியின் மிச்சப் பெயரை நாங்கள் உரக்கச் சொல்லிப் பார்ப்போம். குரங்கு 'குங்கு' ஆனதற்கு அவள் சிரித்த சிரிப்பில் அண்ணனும் தன் பாடத்தை விட்டுவிட்டு ஓடிவந்தான். 'ம்' என்ற எழுத்துக்கு வெகுநேரம் யாரும் அகப்படவில்லை. கடைசியில் முற்றத்துச் சுவரில் உட்கார்ந்திருந்ததே வழி காட்டியது. காகம் தன் 'ம்'மைக் கொடுத்தது, பெயர் முழுமையாயிற்று.

புத்தகம் முடிந்துவிட்டது என்று நினைத்து நான் பேனாவை மூடினேன். அவள் முடிந்ததாக எண்ணவில்லை. "இப்ப அதுக்கு என்ன மிச்சம் இருக்கு தாத்தா?" என்றாள். "காக" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, அது கத்துவதைக் கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டாள். "அதனாலதான் கா, கா-ன்னு கத்துதா?"

இருக்கலாம் என்றேன். ஒரு பக்கம் இன்னும் வெறுமையாக இருந்தது. அதில் என்ன எழுத வேண்டும் என்று அவள் எனக்குச் சொன்னாள். நான் எழுதினேன்: மறுநாள் காலையில் அவள் காகத்தைக் கூப்பிட்டு, ஒரு பிடி சோற்றோடு அந்த எழுத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.